பின்சக்கரம் கழற்றும் கூலி: புதுப்பிப்பு

என் ஸ்ப்ளெண்டரில் பின்சக்கரத்தைக் கழற்றிக் குஷ் ரப்பர் (செயின் இழுக்கும்போது வரும் அதிர்வைத் தாங்க சக்கரத்தில் இருக்கும் ரப்பர் துண்டுகள்) மாற்ற ஒரு சர்வீஸ் சென்டரில் ஒன்றரை மணி நேர வேலை, கூலி மட்டும் 600 ரூபாய் என்றார்கள், இது நியாயமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை நானே செய்துவிட்டேன்.

சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பிரேக் ராடின் நட்டைக் கழற்றி, பிரேக் தட்டைப் பிடித்திருக்கும் டார்க் ஆர்மை விடுவித்து, ஆக்சில் (சக்கர அச்சு) நட்டைக் கழற்றி ஆக்சிலை உருவினேன். இந்த வண்டியில் ஒரு நல்ல ஏற்பாடு: ஸ்ப்ராக்கெட்டும் (செயின் ஓடும் பல்சக்கரம்) செயினும் ஸ்விங் ஆர்மிலேயே (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) தங்கிவிடும், சக்கரம் மட்டும் தனியாக வரும். செயின் கவரைத் தொடவே வேண்டாம். ஸ்ப்ராக்கெட்டை ஸ்விங் ஆர்மோடு பிடித்திருக்கும் ஸ்லீவ் நட்டையும் தொடாததால் செயின் டென்ஷன் மாறவில்லை. ஆனாலும் செயின் டென்ஷனைச் சரிசெய்யும் இரண்டு பக்க அட்ஜஸ்டர் கோடுகளும் ஒரே அளவில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டேன்.

கழற்ற 20 நிமிடம். மாட்டத்தான் நேரம் போனது, ஸ்பேசரை (இடைவெளிக்காக ஆக்சிலில் கோக்கும் சிறு குழாய்) பிடித்துக்கொண்டே ஆக்சிலைச் செருக இரண்டாவது ஆள் வேண்டும். தம்பி வந்து பிடித்தான். எல்லாம் சேர்த்து 55 நிமிடம், முதல் தடவை செய்தவனுக்கு.

அப்புறம் தெரு முனை மெக்கானிக்கிடம் விசாரித்தேன், 150 ரூபாய் என்றார். அவர் கை வேகத்துக்கு அது சரியான கூலி. 600 அதிகம்தான் என்பது என் முடிவு. டார்க் ஆர்ம் போல்ட்டை மட்டும் மறக்காமல் இறுக்குங்கள், அது கழன்றால் பிரேக் பிடிக்கும்போது தட்டே சுழன்றுவிடும்.