வழக்குக் கட்டை மூடிய பிறகும் மனத்தை விட்டு நீங்காத வழக்குகள்: என்ன செய்கிறீர்கள்?

கேள்வி:
வணக்கம். நான் தனியாக அலுவலகம் நடத்தும் வழக்கறிஞர். வேலைப்பளு எனக்குப் புதிதன்று. ஆனால் அண்மைக்காலமாக, படுத்த பிறகும் மறுநாள் குறுக்கு விசாரணையில் கேட்க வேண்டிய கேள்விகளே மனத்தில் ஓடுகின்றன. பாதகமான தீர்ப்பு வந்துவிட்டால் அடுத்த வழக்குக் கட்டைக் கவனத்துடன் படிக்கவே முடிவதில்லை. உடற்பயிற்சியும் தியானமும் செய்யச் சொல்கிறார்கள். அதற்கு நேரம் எங்கே இருக்கிறது? மூத்தவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பதில் 1:
நீங்கள் விவரித்திருப்பது நேரக் குறைவை அன்று, முடியாத வேலை மனத்தைப் பற்றிக்கொண்டிருப்பதை. பாதியில் நிறுத்தப்பட்ட வேலைகளே முடித்தவற்றைவிட நினைவில் நிற்கின்றன என்று உளவியலாளர் ப்ளூமா சைகார்னிக் 1927-இல் எழுதினார். பிற்கால ஆய்வுகள் அனைத்திலும் அதே முடிவு கிடைக்கவில்லை என்றாலும், உளவியலாளர்கள் மாசிகாம்போவும் பௌமைஸ்டரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு நமக்கு நேரடியாகப் பயன்படும்: வேலையை முடிக்காவிட்டாலும், எப்போது, எப்படிச் செய்வோம் என்று திட்டவட்டமாக வகுத்துவிட்டாலே அதன் தொந்தரவு தணிகிறது. ஆண்டுக்கணக்கில் முடியாத வேலையையே தொழிலாகக் கொண்ட நமக்கு வேறு வழியும் இல்லை.

எனவே ஒவ்வொரு கட்டையும் மூடும் முன், அடுத்த வாய்தா, அதற்குள் செய்ய வேண்டிய ஒரு வேலை, அது இப்போது யார் கையில் இருக்கிறது ஆகியவற்றை மேலட்டையின் உட்புறத்தில் எழுதிவிடுகிறேன். ‘சாட்சிக்குத் தயாராக வேண்டும்’ என்று எழுதினால் பயனில்லை. ‘வியாழன் காலை, மூன்றாவது சான்றாவணத்தின் தேதியை முதல் விசாரணை வாக்குமூலத்துடன் ஒப்பிட வேண்டும்’ என்று எழுதினால்தான் மனம் விடுகிறது. கட்சிக்காரர்களின் அழைப்புகளுக்கும் மாலையில் ஒரு நேரம் ஒதுக்கி, அதை வக்காலத்தில் (வழக்கை நடத்த நமக்கு அதிகாரம் தரும் படிவத்தில்) கையொப்பம் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்; பிறகு சொன்னால் வருத்தப்படுவார்கள்.

பதில் 2:
தோல்வியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தீர்ப்பு வந்த அன்று மேல்முறையீட்டுக்கான காலக்கெடுவை டைரியில் குறித்துக்கொள்ளுங்கள்; தீர்ப்பை மறுநாள் படியுங்கள். வழக்கின் ஆவணங்களிலும் சாட்சியத்திலும் இருந்த குறை எது, வாதத்தில் நேர்ந்த குறை எது என்று பிரித்துப் பார்க்கும் நிதானம் அன்று மாலையில் யாருக்கும் இருப்பதில்லை. மாலைக் காப்பியையும் கவனியுங்கள். காஃபீனின் அளவு உடலில் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும்.

பதில் 3:
மேலே சொன்னவை நல்ல உத்திகள், ஆனால் எல்லாவற்றையும் தனிமனிதரின் ஒழுங்கின் மேல் ஏற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. அமெரிக்காவில் 12,825 வழக்கறிஞர்களிடம் நடத்தப்பட்டு 2016-இல் வெளியான ஆய்வில் 28 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் காணப்பட்டன. இத்தனை பேரும் டைரி எழுதத் தெரியாதவர்கள் அல்லர். மேலட்டையில் எழுதிய வேலைகள் வாய்தாவுக்குள் முடியவே முடியாது என்று தெரிந்தால், புதிய வக்காலத்துகளை மறுப்பதே வழி. தூக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. ஜூனியர் இல்லாத அலுவலகத்தில் ‘யார் கையில்’ என்ற இடத்தில் எப்போதும் என் பெயர்தானே வரும்?

பதில் 1:
எழுதிப் பாருங்கள். ஆவணம் தராத கட்சிக்காரர், நகல் வழங்காத நீதிமன்றப் பிரிவு, பதிலுரை தாக்கல் செய்யாத எதிர்த்தரப்பு என்று பாதிக் கட்டுகள் பிறர் கையில்தான் இருக்கும். அவற்றுக்கு நினைவூட்ட ஒரு தேதி குறித்தால் போதும்.