கஷ்டத்துல விசுவாசம் எப்படி நின்னுச்சு? நின்னுச்சா? உங்க அனுபவத்த சொல்லுங்க

கடலோரத்துக்காரி:
நானே ஆரம்பிக்கிறேன். எங்க ஊரு தூத்தூர் பக்கம், கன்னியாகுமரி மாவட்டம். எங்காளுங்க கொச்சில இருந்து போட் எடுத்துட்டு லட்சத்தீவையும் தாண்டி தூண்டில் போடப் போவாங்க, போனா வாரக்கணக்குல கழிச்சுதான் கரை. 2017 நவம்பர் 30 ஒக்கி புயல் அடிச்சப்போ எங்க சித்தி மகனும் அப்படித்தான் வெளில இருந்தான். புயல் எச்சரிக்கைன்னு கரைல மைக்ல சொல்லி என்ன பிரயோஜனம், அவ்ளோ தூரத்துல செல்போன் டவரா இருக்கு.

உடம்பு கிடைக்கல. உடம்பு இருந்தா அழுது, அடக்கம் பண்ணி, பூசை வச்சு ஒரு வழியா மனசு ஒத்துக்கும். இது அப்படி இல்ல. இறந்தவங்களுக்கான பூசைல அவன் பேர வாசிக்கவே கூடாதுன்னு சித்தி ஒத்தக்கால்ல நின்னாங்க. எங்க பங்குச் சாமியார் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல, "காணாமப் போனவங்களுக்காக"ன்னு தனியா ஒரு மன்றாட்டு சேத்து அதுல வாசிச்சாரு. வாரா வாரம். இது பெரிய விஷயமான்னு வெளியாளுக்குத் தோணும், சித்தி கோயிலுக்கு வந்ததே அதுக்காகத்தான்.

டிசம்பர் 7ம் தேதி குழித்துறை ஸ்டேஷன்ல ஆயிரக்கணக்கான பேர் தண்டவாளத்துல உக்காந்தோமே, இன்னும் ஆழமா போய் தேடுங்கன்னு, அன்னைக்கு சாமியார்களும் எங்க கூடத்தான் ஜல்லி மேல உக்காந்திருந்தாங்க. பக்கத்துல செபமாலை ஓடிட்டு இருக்கு, எனக்கு வாயில வரல, மனசுக்குள்ள ஒரே கேள்விதான், ஏசுவே, காத்தையும் கடலையும் அதட்டுன ஆளு நீ, உன் கூட சுத்துனவங்களே மீன் புடிக்கிறவங்க, அன்னைக்கு எங்கயா போன? அப்புறம்தான் உறைச்சுது, அந்தக் கதைலயும் அவரு படகுல தூங்கிட்டுதான் இருப்பாரு, "நாங்க சாகப் போறோம் உமக்குக் கவலையே இல்லையா"ன்னு சீஷங்களே சத்தம் போட்டுத்தான் எழுப்புவாங்க. அப்போ நான் கத்துறதும் ஜெபத்துலதான் சேத்தின்னு எடுத்துக்கிட்டேன்.

இப்பவும் நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு சித்தி கடற்கரைக்குத்தான் போவாங்க, அவங்களுக்கு வேற கல்லறை ஏது. காத்துல மெழுகுதிரி நிக்காதுன்னு பழைய பெயின்ட் டப்பால பாதி மணல் போட்டு அதுக்குள்ள நட்டு வைப்பாங்க. பாத்துட்டு இப்ப அந்த வரிசைல நிறைய டப்பா. கடவுள் மேல கோவம் தீந்துச்சான்னு கேட்டா இல்ல. கோயிலுக்குப் போறேனான்னு கேட்டா போறேன்.

பனங்காட்டான்:
அக்கா படிச்சிட்டு கொஞ்ச நேரம் எதுவும் டைப் பண்ண முடியல. எங்க கதை வேற மாதிரி. நாங்க உடன்குடி பக்கம், சிஎஸ்ஐ, அப்பா பனையேறி. பதநீர் சீசன்ல ஒரு காலைல மட்டை வழுக்கி விழுந்தாரு, முதுகெலும்பு போச்சு, இடுப்புக்குக் கீழ உணர்ச்சியே இல்ல. சொந்தக்காரங்க எல்லாம் சேந்து ஒரு சுகமளிக்கும் கூட்டத்துக்கு வேன்ல தூக்கிட்டுப் போனோம். அத நடத்துன ஊழியக்காரர் பேரு வேண்டாம். மேடைக்கு ஏத்தி, தலைல கைய வச்சு, எந்திரி எந்திரின்னாரு. அப்பா எந்திரிக்கல. உடனே மைக்லயே "வீட்டுல விசுவாசக் குறைவு இருக்கு"ன்னு சொல்லிட்டு அடுத்த ஆளக் கூப்பிட்டாரு. திரும்பி வர்ற வழியெல்லாம் அப்பா பேசல. கால் போனதுக்குக் கூட அந்த மனுஷன் அழுது நான் பாக்கல, அன்னைக்கு நைட் அழுதாரு.

அப்புறம் எங்க சபை ஐயரு, அதான் பாதிரியார், சொல்லித்தான் வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரி, பாகாயத்துல இருக்கிற அவங்க ரீஹாப், மறுவாழ்வு சென்டர். அங்க எவனும் எந்திரின்னு சொல்லல! படுத்திருந்தா ரெண்டு மணிக்கொரு தடவ புரட்டிப் போடணும், வீல்சேர்ல உக்காந்தா அப்பப்ப ரெண்டு கையையும் ஊனி பின்பக்கத்தத் தூக்கணும், இல்லன்னா புண்ணு வந்துரும், வலி தெரியாததால புண்ணு வந்ததே தெரியாது. கண்ணாடிய வச்சு தன் முதுகத் தானே பாக்கச் சொல்லிக் குடுத்தாங்க. ஒன்னுக்குப் போக டியூப் போடுறது முதக்கொண்டு அப்பாவே கத்துக்கிட்டாரு.

அங்கதான் டாக்டர் மேரி வர்கீஸ் பத்தி கேள்விப்பட்டோம். கேரளாக்காரங்க, சிஎம்சிலயே டாக்டர், 1954ல வண்டி கவுந்து எங்க அப்பா மாதிரியே இடுப்புக்குக் கீழ போயிருச்சு, முகத்துலயும் பெரிய காயம். அவங்க கூட வேலை பாத்த பால் பிராண்ட் டாக்டர், குஷ்டரோகிகளுக்குக் கை ஆபரேஷன் உக்காந்துக்கிட்டே பண்ணலாமேன்னு சொல்லி இழுத்து விட்டிருக்காரு. அந்தம்மா வீல்சேர்ல இருந்தே ஆபரேஷன் பண்ணி, பெறகு நியூயார்க் போய் மறுவாழ்வு சிகிச்சை படிச்சிட்டு வந்து, அதுக்குன்னு இங்க ஒரு டிபார்ட்மென்ட்டையே நடத்தியிருக்காங்க. 1966ல வந்த அந்த சென்டர்லதான் அப்பா படுத்திருந்தாரு. இத ஒரு நர்ஸ் அக்கா சொன்னப்போ அப்பா கேட்ட முதல் கேள்வி, "அந்தம்மாவுக்கு விசுவாசம் இருந்துச்சா?" நர்ஸ் அக்காவுக்கு எதுக்கு இப்படிக் கேக்குறாருன்னே புரியல. எங்களுக்குப் புரிஞ்சுது.

இப்போ அப்பா வீட்டு வாசல்ல சின்னதா கருப்பட்டிக் கடை. காலைல ஜெபம் பண்ணுவாரு. சுகம் குடுங்கன்னு கேக்குறத நிறுத்திட்டாருன்னு நெனக்கிறேன், கேட்டதில்ல.

ரிட்டயர்டு வாத்தியார்:
தம்பி, அந்த மைக் ஆளு பண்ணது புதுசே இல்ல. பைபிள்ல புள்ளைங்க, சொத்து, உடம்பு எல்லாம் போய் உக்காந்திருந்த யோபுவோட சிநேகிதங்க மூணு பேரு பண்ணதும் அதான். ஏழு நாள் ராவும் பகலும் அவன் கூட தரைல உக்காந்திருந்தாங்க, ஒரு வார்த்தை பேசல, அதுவரைக்கும் தங்கமான ஆளுங்க. எட்டாவது நாள்லருந்து நீ ஏதோ பாவம் பண்ணிருப்பன்னு ஆரம்பிச்சு கெடுத்தாங்க. கடைசி அதிகாரத்துல கர்த்தர் கோவிச்சுக்கிறது அவங்க மேலதான், அத்தனை கேள்வி கேட்ட யோபு மேல இல்ல. ஆனா சாவு வீட்டுக்குப் போற நம்ம சபையாருங்க என்ன பண்றாங்க, முதல் அதிகாரத்துல உள்ள "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்"ங்கறத மட்டும் சொல்லிட்டு டீ குடிச்சிட்டு வந்துர்றாங்க. மீதி நாப்பது அதிகாரம் எதுக்கு இருக்குன்னு எனக்குக் கேக்கத் தோணும். 88ஆம் சங்கீதம் வாசிச்சுப் பாருங்க, ஆறுதலே இல்லாம முடியும். அதையும் வேதத்துல வச்சிருக்காங்கல்ல, அது எனக்குப் போதும். என் வீட்டுக்காரம்மா கேன்சர்ல போனப்போ நான் தினம் வாசிச்சது அதான்.

மதுரக்காரி:
நான் கிறிஸ்டியன் இல்ல, பேசலாமா தெரியல. அம்மா ஐசியூல இருந்தப்போ வெளில பக்கத்து சேர்ல ஒரு சிஸ்டர், கன்னியாஸ்திரி, அவங்க ஆளு யாரோ உள்ள. என்கிட்ட மதம் பத்தி ஒன்னும் பேசல, சார்ஜர் குடுத்தாங்க, இட்லி வாங்கிட்டு வந்தா ரெண்டு எனக்கு எடுத்து வைப்பாங்க. அம்மா போனதும் நான் கோயிலுக்கே போகாம இருந்தேன், திரும்ப மீனாட்சி கோயிலுக்குப் போக ஆரம்பிச்சதுக்கு அவங்கதான் காரணம்னு சொன்னா சிரிப்பீங்க.

கடலோரத்துக்காரி:
சிரிக்கல மா. சித்திட்ட படிச்சுக் காட்டுறேன்.

பனங்காட்டான் தம்பி, ஒரு விஷயம். எங்க ஊர்ல ஒரு பையன் ஹார்பர்ல போட்ல இருந்து விழுந்து இதே மாதிரி படுத்திருக்கான், கல்யாணமாகி ஒரு வருஷம்தான். அந்த பாகாயத்துக்கு எப்படிப் போறது?

பனங்காட்டான்:
காட்பாடில இறங்குனா டவுன் பஸ் இருக்கு கா, ஆனா அவர பஸ்ல ஏத்தாதீங்க, வேன்ல படுக்க வச்சே கொண்டு போங்க, வழில நிறுத்தி நிறுத்தி புரட்டி விடுங்க. பழைய ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் எடுத்துக்கோங்க. கூடவே இருக்க வீட்டாளு ஒருத்தர் கண்டிப்பா வேணும், அவங்களுக்கும் சேத்துதான் பயிற்சி. அந்தப் பொண்ணையே கூட்டிட்டுப் போங்க. புண்ணு இருக்கான்னு இன்னைக்கே திருப்பிப் பாக்கச் சொல்லுங்க. என் நம்பர் தனியா அனுப்புறேன், அப்பா பேசணும்னு சொல்றாரு.