வேலிக்கு உள்ளே 66 அடி, வெளியே 18 அடி: வீட்டுக்குப் பின்னால் 600 வீடுகள் வருகின்றன, ஆட்சேபக் கடிதத்தில் என்ன எழுதலாம்?

44 இருக்கை:

வணக்கம். மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், தென் செபராங் பிறையில், சுங்கை பாக்காப்பிலிருந்து கடலோரம் இறங்கும் தோட்டச் சாலை ஒன்றில் கால் ஏக்கர் மனையில் இருக்கிறேன். அப்பா தோட்டத்தில் உழைத்துச் சேர்த்த காசில் வாங்கியது. பட்டா இப்போது என் பெயரில் இருக்கிறது. 31 ஆண்டுகள் பள்ளி பஸ் ஓட்டினேன். முழங்கால் ஒத்துழைக்காததால் போன ஆண்டு சாவியை மருமகனிடம் கொடுத்துவிட்டேன்.

பின்னால் உள்ள செம்பனைக் காடு வீடமைப்புப் பகுதியாகப் போகிறது. பதிவுத் தபாலில் கடிதம் வந்தது. ஏறக்குறைய 600 தரை வீடுகள், ஒரு கடைவரிசை. ஆட்சேபம் இருந்தால் 21 நாளுக்குள் எழுத வேண்டுமாம். அந்தக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பார்த்தவர்களிடமெல்லாம் காட்டியதிலேயே ஏழு நாள் போய்விட்டது.

அலுவலகத்துக்குப் போய் வரைபடத்தைப் பார்த்தேன். நல்ல படம்தான். குளத்துக்கு நீலம், திடலுக்குப் பச்சை, நுழைவுச் சாலை 66 அடி, உள்ளே 50 அடி, 40 அடி. விரலை அந்த 66 அடிச் சாலையிலேயே நகர்த்திக்கொண்டு வந்தேன். வேலியைத் தாண்டியதும் எங்கள் சாலை. அதற்கு அகலமே குறிக்கவில்லை, மெல்லிய சாம்பல் கோடு, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து டேப் பிடித்து அளந்தேன். தார் 18 அடி. வாய்க்கால் மேல் இருக்கும் பாலம் 14 அடி. அந்தப் பாலத்தில் எதிரே செம்பனைக் குலை ஏற்றிய லோரி வந்தால் ஒருவர் பின்வாங்கித்தான் ஆக வேண்டும். 31 ஆண்டுகளும் பின்வாங்கியவன் நான்.

எனக்குக் கணக்கென்றால் இருக்கைக் கணக்குதான். 600 வீட்டில் பாதி வீடுகளில் ஒரு பிள்ளை தொடக்கப்பள்ளிக்குப் போனால்கூட 300 பிள்ளைகள். என் வண்டியில் 44 இருக்கை. ஆக, காலை ஆறே முக்காலுக்கு ஏழு வண்டிகள் அந்தப் பாலத்தில் வந்து நிற்கும். கார்களை நான் இன்னும் எண்ணவே தொடங்கவில்லை.

தண்ணீர் வேறு. 2017 நவம்பர் 4ஆம் தேதி இரவு பெய்த மழையில் எங்கள் கூடத்தில் கணுக்கால் வரை ஏறியது. அப்போது பின்னால் இருந்தது வெறும் செம்பனை. எதிர்வரிசையில் பழைய லயத்து வீடுகளில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், 11 குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுக்கு முட்டிக்கு மேல். இப்போது அவர்களுக்குக் கடிதமும் வரவில்லை.

வீடே வரக் கூடாது என்று நான் சொல்லவில்லை. என் மகளே பட்டர்வொர்த்தில் வாடகைக்கு இருக்கிறாள். ஆனால் "சாலை சிறியது, வெள்ளம் வரும்" என்று மட்டும் எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள் என்று தோன்றுகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மட்டக்கோல்:

ஐயா, வணக்கம். வடிகால் பணிகளில் மேற்பார்வையாளராக 26 ஆண்டுகள் இருந்தவன். உங்கள் பாலத்தை விட்டுவிட்டு அதன் கீழே ஓடும் வாய்க்காலை முதலில் பிடியுங்கள்.

படத்தில் நீங்கள் பார்த்த நீலக் குளம் அழகுக்காக வரைந்ததன்று. மழைநீரைத் தேக்கி மெதுவாக விடும் குளம் அது. நகர்ப்புற மழைநீர் மேலாண்மைக் கையேடு நாட்டில் 2001 முதல் நடைமுறையில் இருக்கிறது, 2012இல் இரண்டாம் பதிப்பு நடைமுறைக்கு வந்தது. அதன் அடிப்படை விதி எளிது. நிலத்தை மேம்படுத்திய பிறகு வெளியேறும் நீரின் உச்ச வேகம், முன்பு இருந்ததைவிடக் கூடக் கூடாது. மேம்பாட்டாளரின் பொறியாளர் அந்தக் கணக்கைப் போட்டுத்தான் கொடுத்திருப்பார், அதில் தப்பும் இருக்காது.

உங்கள் பக்கம் சிக்கலே வேறு. அந்த வாய்க்கால் கடலில் விழும் இடத்தில் மடைக்கதவு இருக்கும். நாளுக்கு இரண்டு முறை கடல் ஏறும்போது கதவு மூடிக்கொள்ளும். மூடிய பிறகு நீர் வேகமாக வருகிறதா மெதுவாக வருகிறதா என்பது பெரிய விஷயமன்று, மொத்தம் எவ்வளவு வருகிறது என்பதுதான் விஷயம். செம்பனைக் காட்டில் பெய்யும் மழையில் ஒரு பங்கு மண்ணுக்குள் இறங்கும், ஒரு பங்கு பாத்தி வாய்க்கால்களிலேயே தங்கும். கூரையிலும் தாரிலும் பெய்தால் ஏறக்குறைய அத்தனையும் வெளியே வந்துவிடும். குளம் உச்சத்தைத் தணிக்கும், மொத்தத்தைக் குறைக்காது. ஆகவே இப்படிக் கேளுங்கள்: "வடிகால் கணக்கில் கீழ்முனை நீர்மட்டமாக எதை எடுத்தீர்கள்? கடல் ஏறி, மடை மூடியிருக்கும் நேரத்தில் மழை பெய்தால் குளம் எத்தனை மணி நேரம் தாங்கும்?" இந்தக் கேள்விக்கு எண்தான் பதிலாக வர வேண்டும்.

இரண்டாவது, மண் மேடு. தாழ்ந்த நிலம் என்பதால் லோரி லோரியாக மண் கொட்டி உயர்த்துவார்கள். உங்கள் மனையிலிருந்து இப்போது மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது? செம்பனைப் பக்கமாகத்தான் இருக்கும். நாளை அங்கே மூன்றடி மேடு வந்தால் உங்கள் வீட்டுக் கொல்லையில் அணை கட்டியதுபோல் ஆகிவிடும். எல்லையை ஒட்டி, மேட்டுக்கு வெளிப்புறத்தில், உங்கள் நீரை வாங்கிக்கொள்ள வாய்க்கால் உண்டா, அது எங்கே போய்ச் சேர்கிறது என்று கேளுங்கள்.

இன்னொன்று, இதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். வெள்ளம் பெரும்பாலும் வீடு கட்டி முடித்த பிறகு வருவதில்லை. மரத்தை வெட்டி, மண்ணைக் கொட்டி, குளம் இன்னும் தோண்டாமல் இருக்கும் அந்த ஓராண்டில்தான் வரும். கரைந்த மண் வாய்க்காலில் படிந்து பாதி ஆழத்தை அடைத்துவிடும். குளமும் வண்டல் தொட்டியும் முதல் வேலையாக முடிய வேண்டும் என்பதை நிபந்தனையாகப் போடச் சொல்லுங்கள்.

மூன்றாம் தெரு:

அண்ணன், நான் வேலிக்கு உள்ளே இருப்பவள். சிம்பாங் அம்பாட் பக்கம் புதிய தாமான் (வீடமைப்புப் பகுதி) ஒன்றில் வீடு வாங்கி ஐந்தாவது ஆண்டு நடக்கிறது. 2014 மார்ச்சில் பினாங்குத் தீவுக்குப் போகும் இரண்டாவது கடல் பாலம் திறந்த பிறகு இந்தப் பக்கமெல்லாம் விலை ஏறிய கதை உங்களுக்கே தெரியும். தீவில் வாங்க முடியாதவர்கள் இங்கே வந்தோம்.

நாங்கள் வாங்கும்போது விற்பனை அறையில் ஒரு மாதிரி நகரம் வைத்திருந்தார்கள். பள்ளிக்கு ஒரு சின்னக் கட்டடம், அதன் முன்னால் விரல் நீளத்தில் ஒரு கொடிக்கம்பம்கூட இருந்தது. என் மகன் அதைத் தொட்டுப் பார்த்துத் திட்டு வாங்கினான். இன்று அந்த நிலத்தில் லாலாங் புல் ஆளுயரத்துக்கு நிற்கிறது. விசாரித்தபோதுதான் விளங்கியது. மேம்பாட்டாளர் பள்ளிக்கு நிலம் ஒதுக்கி ஒப்படைத்தால் அவர் கடமை முடிந்தது. கட்டடம் கட்டுவது கல்வி அமைச்சின் பொறுப்பு, ஒதுக்கீடு வந்தால்தான் கட்டடம். "பள்ளிக்கு நிலம்" என்பதைப் "பள்ளி" என்று வாசித்துவிட்டது எங்கள் தப்பு. நீங்கள் அப்படி வாசிக்காதீர்கள்.

கழிவுநீர் நிலையம் எங்கே வருகிறது என்று பார்த்தீர்களா? எங்கள் மூன்றாம் தெருவின் கோடியில் இருக்கிறது. மற்றபடி குறை சொல்வதற்கில்லை, காற்று வடக்கிலிருந்து வீசும் வரை.

வாடகைவாசி:

மன்னிக்க வேண்டும், எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வருகிறது. நான் பத்து காவான் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறேன். ஓர் அறைக்கு வாடகை கொடுத்து நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன. ஒவ்வொரு திட்டத்துக்கும் ஏற்கெனவே நிலம் வைத்திருப்பவர்கள் ஆட்சேபம் எழுதினால் எங்களைப் போன்றவர்கள் எங்கே போவது? பாலம் சிறியதென்றால் பெரிதாக்கட்டும். அதற்காக வீட்டை ஏன் தள்ளிப்போட வேண்டும்?

44 இருக்கை:

தம்பி, உங்கள் கோபம் நியாயம். ஆனால் "பெரிதாக்கட்டும்" என்று சொன்னீர்களே, அந்த 'கட்டும்' யாரைக் குறிக்கிறது? அதைத்தான் நானும் தேடிக்கொண்டிருக்கிறேன். அலுவலகத்தில் கேட்டேன். சாலை, வடிகால் மேம்பாட்டுக்கென்று மேம்பாட்டாளர் பணம் கட்டுவார் என்றார்கள். பணம் எந்தக் கணக்கில் போகும், எந்த ஆண்டு எந்தப் பாலத்துக்கு வரும் என்று கேட்டதற்கு அந்தப் பெண் மிகவும் மரியாதையாக எனக்கு ஒரு கோப்பைத் தண்ணீர் கொடுத்தார்.

மட்டக்கோல் ஐயா, நீங்கள் சொன்னதுபோல் நேற்று மழை விட்டதும் கொல்லைக்குப் போய்ப் பார்த்தேன். தண்ணீர் செம்பனைப் பக்கம்தான் ஓடுகிறது. 60 வயதுக்கு மேல் என் வீட்டுத் தண்ணீர் எங்கே போகிறது என்று முதல்முறையாகப் பார்க்கிறேன்.

லயத்துக் குடும்பங்களுக்கு வழி இருக்கிறதா என்று யாராவது சொல்லுங்கள்.

மட்டக்கோல்:

யாருக்குக் கடிதம் வர வேண்டும் என்பதைச் சொல்வது 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம், 172ஆம் எண் சட்டம். அரசிதழில் வெளியான உள்ளூர்த் திட்டம் இல்லாத பகுதி என்றால் அண்டை நிலத்தின் உரிமையாளர்களுக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். கவனியுங்கள், உரிமையாளர்களுக்கு. எல்லையை ஒட்டிய நிலம், 20 மீட்டருக்கு மேற்படாத சாலையோ வாய்க்காலோ மட்டும் நடுவில் உள்ள நிலம், போகும் வழி முட்டுச் சாலையாக இருந்தால் 200 மீட்டருக்குள் உள்ள நிலம். லயத்தில் குடியிருப்பவர் பெயரில் பட்டா இல்லை, ஆகவே சட்டத்தின் கண்ணுக்கு அவர் அண்டை வீட்டுக்காரரே அல்லர். 40 ஆண்டுகள் அங்கே இருந்தாலும் அப்படித்தான். எனக்கு இது உறுத்துகிறது, ஆனால் விதி அது. உங்கள் கடிதத்தின் பின்னிணைப்பாக அவர்களின் வெள்ள அளவுகளையும் கையொப்பங்களையும் சேருங்கள். உங்கள் ஆட்சேபத்துக்கு அது சான்றாக நிற்கும்.

கடிதத்தில் காரணங்கள் இருக்க வேண்டும். "நேரில் விளக்கம் சொல்ல விரும்புகிறேன்" என்ற வரியும் கட்டாயம் இருக்க வேண்டும். அதை எழுதினால்தான் விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். பலர் நான்கு பக்கம் எழுதிவிட்டு இந்த ஒரு வரியை விட்டுவிடுவார்கள்.

வாடகைவாசித் தம்பிக்கும் ஒன்று. 2007 ஏப்ரல் முதல், வீட்டில் குடியேறலாம் என்ற சான்றிதழைக் கொடுப்பவர் திட்டத்தைச் சமர்ப்பித்த கட்டடக் கலைஞரோ பொறியாளரோதான். ஊராட்சி மன்றம் பிடித்து வைக்கக்கூடிய கயிறு திட்ட அனுமதி நிபந்தனைகளில் இருக்கிறது. ஆகவே "பாலத்தை அகலப்படுத்துக" என்று எழுதினால் போதாது. "முதல் கட்டத்தின் 200 வீடுகளுக்குச் சாவி கொடுக்கும் முன் பாலம் முடிந்திருக்க வேண்டும்" என்று கட்டத்தோடு கட்டிப்போட வேண்டும். வீட்டைத் தடுப்பதற்கில்லை இது. உங்கள் வீட்டுக்குப் போகும் வழியைத்தான் கேட்கிறார் அவர்.

கழிவுநீரைப் பற்றி மூன்றாம் தெரு அக்கா சொன்னதோடு ஒரு கணக்கு. வீட்டுக்கு 5 பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 225 லிட்டர் என்று வைத்துத்தான் நிலையம் வடிவமைப்பார்கள். 600 வீட்டுக்கு 6,75,000 லிட்டர். சுத்திகரித்த பிறகு அது எங்கே போகும்? அதே வாய்க்காலுக்கு. மழை இல்லாத நாளிலும்.

வாடகைவாசி:

சரி. கட்டத்தோடு கட்டுவது என்றால் எனக்கும் சம்மதம். குழாய்த் தண்ணீரை யாரும் பேசவில்லையே? பினாங்கின் கச்சா நீரில் 80 விழுக்காட்டுக்கு மேல் வடக்கே சுங்கை மூடாவிலிருந்து வருகிறது. நாம் இருப்பது தெற்குக் கோடி. 2024 ஜனவரியில் வால்வு மாற்றும் பணிக்காக நீர் நிறுத்தியபோது என் அறையில் நான்கு நாளும் வாளிக் குளியல்தான். 600 வீட்டுக்கு எந்தக் குழாயிலிருந்து, எந்தத் தொட்டியிலிருந்து என்பதையும் கேட்டு எழுதுங்கள் ஐயா.

44 இருக்கை:

எழுதிவிட்டேன் தம்பி, ஆறாவது கேள்வியாக.

கடிதம் 17ஆம் நாள் கொடுக்கப்பட்டது. இரண்டு பக்கம். மருமகன் மலாயில் தட்டச்சு செய்தான். முதல் பக்கத்தில் அளவுகள் மட்டும்: தார் 18, பாலம் 14, என் கூடத்தில் 2017இல் நின்ற நீர் ஐந்து அங்குலம், லயத்தில் 22 அங்குலம். லயத்துச் சுவர்களில் அன்று படிந்த சேற்றுக்கோடு இன்னும் இருக்கிறது. மேலே வெள்ளையடித்திருக்கிறார்கள், ஆனாலும் தெரிகிறது. 11 வீட்டிலும் டேப் பிடித்தோம். ஒரு பாட்டி, கட்டில் காலில் தான் அன்று சுண்ணாம்பால் போட்டு வைத்த கோட்டைக் காட்டினார். அதையும் படம் எடுத்து இணைத்துவிட்டேன்.

இரண்டாம் பக்கத்தில் கேள்விகள். கடைசியில் அந்த ஒரு வரி.

விசாரணைக்குத் தேதி வந்தால் இங்கே எழுதுகிறேன். மட்டக்கோல் ஐயா, அதற்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை வர முடியுமா? கடல் ஏறும் நேரம் பார்த்து மடைக்கதவு வரை நடந்து போய்ப் பார்க்க வேண்டும். வண்டி மருமகனுடையது, ஓட்டுவது நான். இருக்கை நிறைய இருக்கிறது, வேறு யாராவது வருவதானாலும் சொல்லுங்கள்.