டொமைன் யார் பெயரில் இருக்கிறது? சிறுதொழிலுக்கு இணையதளம் செய்துகொண்ட அனுபவங்கள்

மரச்சாமான்களைப் பழுதுபார்த்துக் கொடுக்கும் எங்கள் சிறுதொழிலுக்கு முதல் இணையதளத்தை அமைத்துத் தந்த டெவலப்பர் பொறுமையானவர், சொன்ன தேதியில் வேலையை முடித்தவர். டொமைனையும் (தளத்தின் இணைய முகவரிப் பெயர்) ஹோஸ்டிங்கையும் (தளத்தின் கோப்புகள் இருக்கும் வாடகை இடம்) தாமே வாங்கிவிடுவதாக அவர் சொன்னபோது, நமக்கு ஒரு வேலை மிச்சம் என்றுதான் நினைத்தேன். மூன்றாம் ஆண்டில் ஒரு நாள் காலை வாடிக்கையாளர் ஒருவர் அழைத்து, "உங்கள் தளத்தைத் திறந்தால் ஏதேதோ விளம்பரம் வருகிறதே" என்றார். அதே டொமைனில் இயங்கிய எங்கள் மின்னஞ்சலும் நின்றுபோயிருந்தது.

புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல்கள் எல்லாம் அந்த டெவலப்பர் எப்போதோ கைவிட்டிருந்த மின்னஞ்சல் முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தன. அவருடைய தொலைபேசி எண்ணும் மாறியிருந்தது. டொமைன் பதிவு நிறுவனத்திடம் முறையிட்டேன். கணக்கு யார் பெயரில் உள்ளதோ அவரிடம் மட்டுமே பேச முடியும் என்றார்கள், விதிப்படி அது சரிதான். டாட் காம் டொமைன் ஒன்று காலாவதியானால் பதிவு நிறுவனம் அதை அதிகபட்சம் 45 நாள் வரை வைத்திருக்கலாம் என்பதும், நீக்கிய பிறகு கூடுதல் கட்டணம் செலுத்தி மீட்க 30 நாள் உண்டு என்பதும், அதன்பின் 5 நாளில் அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் பதிவு செய்துகொள்ளலாம் என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சுவர் நாட்காட்டியில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டு வந்தேன்.

26ஆம் நாள், பொதுவான நண்பர் ஒருவர் வழியாக அவர் கிடைத்தார். பதறிப்போய் நேரிலேயே வந்து கணக்கைத் திறந்தார். உரிமையாளர் பெயர், முகவரி, தொலைபேசி என்ற மூன்று கட்டங்களிலும் அவருடைய விவரங்களே இருந்தன. எங்கள் தொழிலின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. அவர் ஏமாற்றுக்காரர் அல்லர், கேட்டிருந்தால் முதல் நாளே என் பெயரில் பதிவு செய்து தந்திருப்பார். புதுப்பித்த கையோடு, அதே நிறுவனத்தில் நான் தொடங்கிய கணக்குக்கு டொமைனை மாற்றிக்கொண்டோம். உரிமையாளர் விவரத்தை மாற்றியதும் வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோக 60 நாள் தடை விழக்கூடும் என்பதால் இதுவே எளிய வழியாக இருந்தது.

பின்னர் தளத்தைப் புதிதாக அமைக்க வந்த பெண், வேலையைத் தொடங்கும் முன் மடிக்கணினியை என் பக்கம் திருப்பி வைத்து, "பாஸ்வேர்டை நீங்களே டைப் செய்யுங்கள் சார், நான் திரும்பிக்கொள்கிறேன்" என்றார். வேலையை அவரிடமே கொடுத்துவிட்டேன்.

---

மேலே எழுதியவருக்கு நேர்ந்தது எனக்கு வேறு வடிவில் நேர்ந்தது. வேர்ட்பிரஸ் என்ற தளம் அமைக்கும் மென்பொருளில் செய்த எங்கள் தளத்துக்குக் கட்டணத் தீம் (தளத்தின் தோற்றத்தைத் தரும் தொகுப்பு) ஒன்றைப் போட்டிருப்பதாக டெவலப்பர் சொன்னார். அது உரிமம் இல்லாத, நச்சு நிரல் கலந்த திருட்டு நகல் என்பது பிறகே தெரிந்தது. கணினியில் முகவரியைத் தட்டினால் தளம் ஒழுங்காக வரும்; தேடுபொறி வழியாக மொபைலில் வருபவர்கள் மட்டும் சூதாட்டப் பக்கத்துக்குத் திருப்பிவிடப்பட்டார்கள். ஆகவே பல வாரங்கள் எனக்கு எதுவுமே தெரியவில்லை. பேக்கப் (தளத்தின் காப்பு நகல்) இருந்தது, ஆனால் அதே ஹோஸ்டிங்கில் இருந்தது. அதிலும் அந்த நச்சு நிரல் புகுந்திருந்தது. இப்போது தீம், ப்ளகின் (கூடுதல் வசதி தரும் நிரல்) உரிமங்கள் எல்லாம் என் மின்னஞ்சலில் வாங்கப்படுகின்றன, பேக்கப்பின் ஒரு பிரதி என் வீட்டு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது.

---

நான் இணையதளம் அமைத்துக் கொடுப்பவன். என் பக்கத்திலிருந்து ஒன்றைச் சொல்ல வேண்டும்: பெரும்பாலான தளங்கள் தாமதமாவது நிரலால் அல்ல, "எங்களைப் பற்றி" பக்கத்துக்கான நான்கு பத்திகளும் படங்களும் வந்து சேராததால். ஒருவருக்காக ஐந்து மாதம் காத்திருந்தேன், இருவருக்குமே மனக்கசப்பு மிஞ்சியது. அதன்பிறகு எழுத்தும் படமும் எந்தத் தேதிக்குள் வர வேண்டும், எத்தனை முறை திருத்தம் செய்து தருவேன், ஒப்படைக்கும் நாளில் எந்தெந்தக் கணக்குகள் உரிமையாளர் கைக்குப் போக வேண்டும் என்பதை ஒரே தாளில் எழுதி, இருவரும் கையெழுத்திட்ட பிறகே தொடங்குகிறேன்.