0233: ஒரே பிடிக்கு ரெண்டு பேரா?

லோரிக்காரன், சுங்கை சிப்புட்:
வணக்கம். செம்பனைக் குலை ஏத்துற லோரி ஓட்டுறேன். ஆலை வாசல்ல தராசுக்கு வரிசை நின்னா ஒண்ணரை மணி நேரம் போயிடும். அதுக்குத்தான் சீட்டுக்குப் பின்னால உகுலேலே, அந்த நாலு தந்தி குட்டிக் கித்தார். சி, எஃப், ஜி, ஏ மைனர்னு நாலு கார்டும் (சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டு) கைக்கு வந்துடுச்சி. சஸ், அதாவது 'சஸ்பெண்டட்' கார்டுலதான் சிக்கல். என் அட்டவணையில ஜி, சி, ஈ, ஏ தந்திகளை எந்த பிரெட்ல (கட்டத்துல) அழுத்தணும்னு வரிசையா நாலு எண் இருக்கும், 0-ன்னா திறந்த தந்தி. அதுல சி சஸ்2-க்கு 0233, ஜி சஸ்4-க்கும் அதே 0233. அச்சடிச்சவன் தூங்கிட்டானா? அப்புறம் சி சஸ்4 (0013) பிடிச்சா ஒரு தந்தி 'டப்'புன்னு செத்துப்போவுது. என் விரல் வெண்டைக்கா இல்ல, வாழைக்கா. இந்த 'சஸ்பெண்ட்' ஆனது யாருன்னும் சொல்லுங்க.

ஈப்போ தம்பி:
அச்சுப்பிழை இல்லண்ணே. ரெண்டும் சரி. தைரியமா அடிங்க.

பஜனை அக்கா, பீடோர்:
தம்பி அவசரத்துல போயிட்டாரு. கோயில்ல ஆர்மோனியம் வாசிக்கிறவ நான், அந்த வழியாவே சொல்றேன்.

சாதாரண கார்டு ச-க-ப. காந்தாரம்தான் அதுக்கு முகம்: உசந்த காந்தாரம் க3 வந்தா மேஜர், தாழ்ந்த க2 வந்தா மைனர். சஸ் கார்டுல காந்தாரத்தை எழுப்பிவிட்டுட்டு அந்த நாற்காலியில பக்கத்து வீட்டுக்காரங்களை உட்கார வைக்கிறாங்க. ரிஷபம் ரி2 உட்கார்ந்தா சஸ்2, மத்தியமம் ம1 உட்கார்ந்தா சஸ்4.

டி கார்டு 2220 பிடிச்சு ஈ தந்திய மட்டும் கவனிங்க. 2-வது பிரெட்ல இருக்கிறது காந்தாரம். சுண்டுவிரலை 3-ல வச்சா (2230) மத்தியமம். ஈ-யைத் திறந்து விட்டா (2200) ரிஷபம். விளையாட்டு முழுக்க ஒரே தந்தியில!

இப்ப உங்க 0233. அதுல கேக்கிறது ஜி, டி, ஜி, சி. சி-யை ச-ன்னு வச்சா ச ரி ப. ஜி-யை ச-ன்னு வச்சா அதே மூணும் ச ம ப. மோகன ராகத்து ரிஷபத்தை சட்ஜமமாக்கினா மத்தியமாவதி ராகம் வருதில்ல, அந்த மாதிரி ஸ்வரங்களை மாத்தாம ச-வை மட்டும் இடம் மாத்துற கிரகபேதம்தான். எந்தப் பேர் சொல்றதுன்னு அடுத்த கார்டைப் பார்த்து முடிவு பண்ணுங்க. ஏ தந்தியில 3-லேர்ந்து 2-க்கு இறங்கி ஜி (0232) ஆச்சுன்னா, அது ஜி சஸ்4.

சஸ்பெண்ட் ஆனது ஸ்வரம். எஃப் கார்டுலேர்ந்து சி-க்கு மாறும்போது எஃப் ஸ்வரம் மட்டும் நகராம தொங்கிக்கிட்டு நிக்கும், பிறகு ஈ-க்கு இறங்கும். இறங்குனாதான் நிம்மதிம்பாங்க மேற்கத்திக்காரங்க. எனக்கென்னவோ அப்படித் தோணல. மத்தியமாவதியில காந்தாரமே கிடையாது, அதுலதானே நாம மங்களம் பாடி எழுந்திருக்கிறோம்!

பழைய கித்தார்:
'டப்'புக்கு மருந்து நான் சொல்றேன். செத்துப்போறது சி தந்தி. ஈ தந்தி 1-ல வச்ச ஆட்காட்டி விரல் அதுல இடிக்குது. விரலை ஏ தந்திப் பக்கம் சாய்ங்க. அங்க மோதிரவிரல் ஏற்கெனவே 3-ல அழுத்தியிருக்கு, 1-ல உரசினாலும் சத்தம் கெடாது. வாழைக்காய்க்கும் இது போதும்.

உகுலேலேயும் நம்ம மாதிரி தோட்டத்துக் கப்பல் பிள்ளைதான். 1879-ல போர்த்துகலோட மதீரா தீவிலேர்ந்து ஹவாய் கரும்புத் தோட்டத்துக்கு ஆளேத்திட்டு வந்துச்சே ரேவன்ஸ்கிராக் கப்பல், அதுல வந்தவங்க கொண்டுவந்த சின்ன கித்தார்லேர்ந்து பிறந்தது.

லோரிக்காரன், சுங்கை சிப்புட்:
இன்னைக்கு எனக்கு முன்னால 14 லோரி. 0013-ல சி தந்தி வாயத் திறந்துடுச்சி, நன்றி அண்ணே. அப்புறம் 2220, 2230, 2220, 2200-ன்னு சுத்திச் சுத்தி அடிச்சேன். முன் லோரி அங்கிள் இறங்கி வந்து, "டியூன் பண்ணி முடிச்சிட்டியா, இல்லையா?"ன்னு கேட்டாரு.

அக்கா, 2200-லயே நிறுத்துனேன். காதுக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா சி தந்தியில 2-லேர்ந்து 1-க்கு இறக்கிப் பார்த்தா 2100, அது ஏ கார்டு! அப்ப என் டி சஸ்2 இத்தனை நேரமா ஏ சஸ்4-ஆவும் இருந்திருக்கு. அட்டவணையத் திருப்பிப் பார்த்தேன், அங்கேயும் அப்படியேதான் போட்டிருக்கான்.