கட்டைப் பிரிக்கும்போது புண் சொல்வது

காட்பாடியிலிருந்து:
புண்மேல் வைத்த காஸை (வலைத்துணியை) எடுக்கும்போது ரத்தம் கசிந்தால் "நல்ல ரத்தம்தான், ஆறுது" என்பார்கள். அது ஆறுவதல்ல; புதிதாகப் பிடித்த சதை நூலோடு பிய்ந்து வருகிறது. காய்ந்த காஸை இழுக்காதீர்கள். சலைன் (மருந்துக்கடை உப்புநீர்) ஊற்றிப் 10 நிமிடம் ஊறவிட்டு, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி உரியுங்கள். சலைன் கிடைக்காவிட்டால், கொதித்து ஆறிய அரை லிட்டர் தண்ணீரில் மட்டமாக முக்கால் டீஸ்பூன் உப்பு, அன்றன்றைக்குப் புதிதாக. பஞ்சை நேரடியாகப் புண்மேல் வைக்க வேண்டாம், இழை உள்ளே தங்கிவிடும். ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைத்தால் அழுக்கு போகிறது என்று நம்புகிறார்கள். புண்ணை ஆற்றும் செல்களும் அதில் சாகும். சின்னத் தீக்காயத்துக்கு முதலில் 20 நிமிடம் குழாய்த்தண்ணீர், பிறகு பாரஃபின் காஸ் (ஒட்டாமலிருக்க வாசலின் போன்றது தோய்த்த காஸ்), அதன்மேல் சாதா காஸ்.

ஆம்பூரிலிருந்து:
காட்பாடி சிஸ்டர் சொன்னதோடு இன்னும் ஒன்று. புண் எவ்வளவு நீர் விடுகிறது என்று பார்த்துத்தான் டிரெஸ்ஸிங் வாங்க வேண்டும். கட்டு நனைந்து சொட்டுகிறதா? ஆல்ஜினேட். கடற்பாசியில் செய்தது, நீரை இழுத்து ஜெல்லாகிவிடும். புண்ணின் அளவுக்கே வெட்டி வையுங்கள். காய்ந்த புண்ணில் வைத்தால் அதுவே தக்கையாக ஒட்டிக்கொள்ளும். அங்கே தேவை ஈரம் கொடுக்கும் ஹைட்ரோஜெல். சுற்றுத்தோல் துணி துவைத்த விரல்போல வெளுத்து ஊறியிருந்தால், டிரெஸ்ஸிங்குக்கு உறிஞ்சும் சக்தி போதவில்லை, அல்லது மாற்றத் தாமதமாகிறது.

குடியாத்தத்திலிருந்து:
ஹைட்ரோகொலாய்டு (தோலில் தானே ஒட்டிக்கொள்ளும் டிரெஸ்ஸிங்) மிதமாக நீர் விடும், சீழில்லாத புண்ணுக்கு. புண்ணைத் தாண்டிச் சுற்றிலும் 2 செ.மீ. இருக்கட்டும், ஒட்டியபின் ஒரு நிமிடம் உள்ளங்கையால் பொத்திப் பிடித்தால் சூட்டில் நன்றாகப் பிடிக்கும். 3 முதல் 7 நாள் வரை விடலாம். ஆனால் நம்ம ஊர் அக்னி நட்சத்திர வெயிலில் வியர்த்து ஓரம் கிளம்பிவிடும். கிளம்பினால் அன்றே மாற்றுங்கள். எடுக்கும்போது மஞ்சளாய், வாடையோடு வழிவது பெரும்பாலும் கரைந்த டிரெஸ்ஸிங்தான். கழுவிய பிறகும் நாற்றம் போகாமல், சுற்றிலும் சிவந்து சூடாக இருந்தால் சீழ். உடனே டாக்டரிடம் போங்கள், மூடி ஒட்டாதீர்கள்.

வேலூரிலிருந்து:
சுகர்காரர்களின் உள்ளங்கால் புண்ணுக்கு எந்த விலையுயர்ந்த டிரெஸ்ஸிங்கும் தனியாகப் போதாது. 1946-இல் இங்கே சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கால்களில் கண்டதுதான் இங்கேயும்: வலி தெரியாததால் அதே இடத்தை மிதித்து மிதித்தே புண் ஆழமாகிறது. அதனால்தான் பாரத்தைப் பரப்ப மாவுக்கட்டும், பிறகு எம்.சி.ஆர். (மெத்தென்ற மைக்ரோசெல்லுலார் ரப்பர்) செருப்பும். இதை மறந்துவிட்டு, புண்ணுக்கு நேர்கீழே காஸை நாலைந்து மடிப்பாகத் திணிக்கிறார்கள். அது கூழாங்கல்லை வைத்து நடப்பதற்குச் சமம். மெல்லியதாக வையுங்கள், பேண்டேஜை இறுக்காமல் சுற்றுங்கள், விரல் நுனிகள் வெளியே தெரியட்டும். நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் கட்டை அவிழ்த்துப் பாருங்கள். அப்போதும் திரும்பவில்லை, அல்லது விரல் கறுக்கிறது, எலும்பு தெரிகிறது, காய்ச்சல் அடிக்கிறது என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.