புதுப்பிப்பு: எடைக் குறைப்புக்கு நடுவே விட்ட இடைவெளி

எடைக் குறைப்பைப் பாதியில் நிறுத்தி, இருக்கும் எடையைக் காப்பாற்றும் அளவுக்கு மட்டும் சாப்பிடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். செய்து பார்த்தாயிற்று.

முதல் வாரமே எடை ஏறியது. அது கொழுப்பு இல்லை. மாவுச்சத்தைக் கூட்டியதும் தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜன் (உடல் சேமித்து வைக்கும் மாவுச்சத்து) நிரம்புகிறது. ஒரு கிராம் கிளைக்கோஜன் சுமார் 3 கிராம் தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்புறம் எடைக்கருவியின் முள் பெரிதாக நகரவில்லை. தூக்கம் சரியானது, எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பாக இருந்ததும் போயிற்று (எரிச்சலும் குறைந்ததாக வீட்டில் சொல்கிறார்கள்!).

இடைவெளி விட்டால் வளர்சிதை மாற்றம் வேகமெடுக்கும் என்று சிலர் சொன்னீர்கள். அதை நான் அவ்வளவாக நம்பவில்லை. எனக்குக் கிடைத்த லாபம் மனசுக்குத்தான். குறைந்த எடைக்குக் கலோரித் தேவையும் குறைவு என்பதால், புதுக் கணக்கோடு திங்கள்கிழமை மறுபடி தொடங்குகிறேன்.